ஓடுதுல்ல பாயும் ஆளில்லாத மென்பொருளும்

துபாய் தேராவில் குப்பைத்தொட்டியைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. குப்பைத்தொட்டியே பார்த்து நடுங்கிய மனிதர் ஒருவர்தான். அவர் ஓடுதுல்ல பாய்.

சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. அதனால் ஆறு பேர் தங்கியிருந்த எங்கள் அறையில் யாருக்கும் அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

எங்கள் தெருவில் விசா கேன்சலாகி ஊருக்குப் போகிறவர்கள், விமானத்தில் ஏற்ற முடியாததை எல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன். காலைத் தொழுகை முடிந்து வரும் பாய்க்கு அவற்றை விட்டுவர மனசு வராது. அறைக்குத் தூக்கி வந்து, துடைத்து, பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போடுவார். அந்தச் சாமான் முனகினாலும் சரி, லேசாகப் புகைந்தாலும் சரி, எங்கள் பக்கம் பெருமையாகத் திரும்புவார்.

"ஓடுதுல்ல? அப்புறம் எதுக்குத் தம்பி வீசுறானுவ?"

ஒரு கட்டத்தில் ஆறு பேருக்கு நான்கு ரைஸ் குக்கர், மூன்று இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தும் கருவி ஒன்று என்று அறை நிறைந்துவிட்டது. உலர்த்துவதற்கு முடி இருந்தவர்கள் எங்களில் இரண்டு பேர்தான். ஓமான் நாட்டுச் சலாலாவில் லாரி ஓட்டிவிட்டு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்த தூத்துக்குடி மாரிமுத்து ஒருநாள் பொறுமை இழந்தார்.

"பாய், நாங்க படுக்கதுக்கு எடம் விடுவியளா, இல்ல நாங்களும் தொட்டி ஓரத்துல போய்ப் படுத்துக்கிடவா?"

"படுத்துக்க மாரி. காலையில வந்து தட்டிப் பாக்குறேன். ஓடுனா கூட்டிட்டு வந்துர்றேன்."

பாய்க்கு மசாலா, பருப்பு மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் வேலை. விசாவில் தொழில் 'டெய்லர்' என்று இருக்கும். ஊசியில் நூல் கோக்கக்கூட அவருக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. வளைகுடாவில் இது அதிசயமில்லை. என் விசாவில் நான் சமையல்காரன், நான் வைத்த ரசத்தை மாரிமுத்து இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கம்பெனியின் ஒன்பது கம்ப்யூட்டர்களும் யாரோ கழித்துப் போட்டவை. அவற்றில் பாய் ஏற்றி வைத்திருந்தது லினக்ஸ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படை மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. உலகம் முழுவதும் இருக்கும் தன்னார்வலர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதோடு சேர்த்துக் கட்டி, ஒரே பொட்டலமாக வெளியிடுவார்கள். பொட்டலத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. எழுதியவரும் போய், பொறுப்பாளரும் போய்விட்டால், 'இதை அடுத்த பொட்டலத்தில் வைக்கலாமா, தூக்கிவிடலாமா' என்று எல்லோரும் பார்க்கும்படி மெயிலில் விவாதம் நடக்கும். ஆக, அதுவும் ஒரு குப்பைத்தொட்டிதான். பாய் அங்கேயும் போய் நின்றதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை.

அவருடைய ஆங்கிலம் பழைய தந்தி பாஷை. 'சாஃப்ட்வேர் குட். வொய் ரிமூவ்.' கார்கோ கம்பெனியில் கடிதம் எழுதிப் பிழைத்த நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல, அவருடைய ஆபீஸ் மெயிலிலேயே உட்கார்ந்து பதில் அடிப்பேன். சம்பளம் பால் விடாத ஒரு சுலைமானி டீ.

அந்த வருடம் தொட்டி ஓரத்துக்கு வந்தது ஒரு சின்ன மென்பொருள். மவுஸ் எந்த வரிமேல் நிற்கிறதோ அந்த வரியைத் திரையின் அடியில், கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக, உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. எழுதிய ஆள் பத்து வருடத்துக்கு மேலாக மெயிலுக்குப் பதில் போடவில்லை. பாய் மட்டும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த முகவரிக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

நீக்க வேண்டும் என்று எழுதியவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்த ஒரு பெண்மணி. மரியாதையாகத்தான் எழுதினார். 'இன்று ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். நாளை அதில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரிந்தால் யார் அடைப்பது? அது சாய்ந்து நிற்கும் பழைய அடித்தளத்தையும் நாங்கள் எடுக்கப்போகிறோம். எதையெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று தாமாக முன்வந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லும் கம்ப்யூட்டர்களில் இரண்டே இரண்டுதான் இதைப் பயன்படுத்துகின்றன. வேண்டும் என்பவர் பொறுப்பேற்கலாம்.'

எனக்கு அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. சொன்னேன்.

"ரெண்டு பேருக்காக ஏன் பாய் மல்லுக்கு நிக்கிறீங்க?"

"ரெண்டு பேரு ஆளு இல்லையா? நீ அடி. 'பொறுப்பு நான் எடுத்துக்கறேன்'னு அடி."

"உங்களுக்கு அதைத் திருத்தத் தெரியுமா?"

"அதுல பட்டன் தைப்பேன். சட்டை தைக்கத் தெரியாது. டெய்லர்தானே, அவ்வளவுதான் வரும்."

மூன்று மாதம் நடந்தது இந்தச் சண்டை. பாய்க்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று அறையில் ஏகமனதாக முடிவு செய்தோம். வேறு அறிகுறிகளும் இருந்தன. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "தம்பி, வர்ற பஸ் என்ன நம்பர், சொல்லு பாப்போம்" என்பார். "போர்டுல இருக்கே பாய்" என்றால், "உன் கண்ணு சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்பார். தினமும் பரீட்சை, நான் தினமும் பாஸ். ஊர் நடுவே போகும் உப்பங்கழியான க்ரீக்கைக் கடக்கும் ஆப்ரா படகில் ஏறும்போதும் இறங்கும்போதும், "நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டு, முன்னால் போகிறவன் தோளில் அன்பாகக் கை வைத்துக்கொள்வார். பாகிஸ்தானி, பிலிப்பினோ என்ற பேதமில்லாமல் எல்லோர் தோளிலும். பாயைப் போன்ற கீழக்கரைக்காரர்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியும் என்று நான் ஊருக்குக்கூட எழுதியிருக்கிறேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு மாலை அக்கரையிலிருந்து திரும்பினோம். படகு கரையைத் தொட்டபோது எனக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே பின்தங்கிவிட்டேன். பாய்க்கு முன்னால் தோள் எதுவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் "யல்லா, யல்லா" என்று தள்ள, அவர் காலை எடுத்துப் படகுக்கும் கரைக்கும் நடுவில் வைத்தார். நான் சட்டைக் காலரைப் பிடித்தேன். செருப்பு ஒன்று க்ரீக்கோடு போயிற்று. ஆளை இழுத்து மேலே போட்டோம்.

கரையில் இருந்த பெஞ்சில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"சுகர் தம்பி. வலது கண்ணு போயே போச்சு. இடதுல, கஞ்சித் தண்ணி வழியா பாக்குற மாதிரி ஏதோ தெரியுது. ரெண்டு மெஷின்னு அந்தம்மா எழுதுச்சுல்ல? ஒண்ணு என் மெஷின்."

"இன்னொண்ணு?"

"அல்லாவுக்குத்தான் தெரியும். எங்கயோ ஒருத்தன் உக்காந்திருக்கான்."

அப்புறம்தான் விஷயம் முழுதாக வந்தது. அந்த மஞ்சள் எழுத்து இல்லாவிட்டால் அவரால் ஒரு வரியும் படிக்க முடியாது. வேறு பெரிதாக்கிகள் அந்தக் கிழட்டு மெஷின்களில் நகரக்கூட மாட்டா. முதலாளியின் மகன் படிப்பை முடித்து வந்து, ஆபீஸ் முழுவதையும் புதுப் பொட்டலத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார். அதில் இந்த மென்பொருள் இல்லையென்றால், கண் இல்லை என்பது ஒரே நாளில் வெளியே வந்துவிடும். சின்ன மகள் நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்னா போதும். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, என்ன?"

"தெரியாது பாய்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணியின் கடைசி மெயில் வந்தது. இந்த வாரத்துக்குள் வலுவான காரணம் ஏதும் வராவிட்டால் நீக்கம் என்று இருந்தது. பாய் தொழப் போயிருந்தார். எனக்கோ கோபம். அவர்மேலா, என்மேலா, இரண்டு என்ற அந்த எண்ணின்மேலா, தெரியவில்லை. உட்கார்ந்து அடித்தேன். 'அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இது இருப்பதால்தான் இன்னும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் இதை எடுத்தால் என்னையும் எடுத்தது போல' என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. பெருமையோடு அனுப்பினேன். அது பாயின் பெயரில், ஆபீஸ் மெயிலில் போகிறது, ஊர் உலகம் எல்லாம் தேடிப் படிக்கலாம் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாளே அந்தப் பெண்மணி பதில் போட்டார். 'எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். அடுத்த பொட்டலத்தில் இருக்கும். பொறுப்பை நானே ஏற்கிறேன். அதற்கடுத்து என்னால் உறுதி சொல்ல முடியாது.' பாய்க்குப் படித்துக் காட்டினேன். முதலில் நான் எழுதியதையும் படிக்க வேண்டியிருந்தது.

"பொய் ஒண்ணும் எழுதலையே?" என்றார்.

"இல்ல பாய்."

"அப்ப சரி."

இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பொட்டலம் வந்தது, ஆபீஸ் மாறியது, மஞ்சள் எழுத்து ஓடியது. பிறகு ஒருநாள் பிரிண்டர் மக்கர் செய்ய, முதலாளி மகன் அதற்கு வைத்தியம் இணையத்தில் தேடியிருக்கிறார். தன் கம்பெனியின் பெயரையும் சேர்த்துத் தட்டியிருக்கிறார். முதலில் வந்து நின்றது என் மெயில்.

அவர் கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பாயைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, "அங்கிள், கோடவுன்ல எங்காவது விழுந்துட்டீங்கன்னா எங்களுக்குத்தான் பிரச்சினை" என்று சொல்லியிருக்கிறார். கலாஸ், கதை முடிந்தது. மாதக் கடைசியில் கேன்சல். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த மனிதர். ஒருநாள்கூட லேட்டாக வந்ததில்லை.

செய்தியைப் பாய்தான் சொன்னார், மீன் பொரித்துக்கொண்டே. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

"ஏன் தம்பி அழுவுற? நீ காலரைப் பிடிக்கலன்னா க்ரீக்குல போயிருப்பேன். ஒரு தடவ புடிச்ச, ஒரு தடவ விட்ட. சரியாப் போச்சு."

மாரிமுத்து எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். மீன் கருகியிருந்தது. அவ்வளவு நேரமும் அது பாய்க்குத் தெரியவில்லை.

அவர் கிளம்பிய அன்று காலை நாங்கள் ஐந்து பேரும் குக்கர்களையும் இஸ்திரிப் பெட்டிகளையும் தொட்டி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். பாய் ஒரு பழைய லேப்டாப்பை மட்டும் என் கையில் கொடுத்தார். அதுவும் தொட்டியில் எடுத்ததுதான். மூடியைப் பிடித்திருந்த கீல் ஒன்று உடைந்திருந்தது. "இதுல அது இருக்கு. அப்டேட் மட்டும் பண்ணிராத" என்றார். விமான நிலையத்தில் உள்ளே போகும்போது, முன்னால் நின்ற யாரோ ஒரு பெங்காலியின் தோளில் கை வைத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை அது மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

ஊருக்குப் போன ஒரு வருடத்தில் இடது கண்ணும் போய்விட்டது. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். என் மெயிலின் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

போன வருடம் வந்த பொட்டலத்தில் அந்த மென்பொருள் இல்லை. பழைய அடித்தளத்தை எடுத்தபோது அதுவும் சேர்ந்து போயிற்று. அந்தப் பெண்மணி பாய்க்குத் தனியாக வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார். கம்பெனி மூடிவிட்ட அந்த முகவரிக்குப் போன மெயில் திரும்பி வந்ததாம். பாயை யாராவது அறிவீர்களா என்று அவர் பொதுவில் கேட்டிருந்தார். நான்தான் பதில் எழுதினேன். இம்முறை பெயரும் ஊரும் போடாமல், நலமாக இருக்கிறார் என்று மட்டும்.

பாயிடம் இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லி எனக்குப் போன் போடுவார். மாரி எப்படி இருக்கான், புது ரூம்காரன் குறட்டை விடுறானா, எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்துவார்.

"தம்பி, அது ஓடுதுல்ல?"

அவருக்கு இனி அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்த இன்னொருவனுக்காகக் கேட்கிறார். அவரிடம் இன்னொரு தடவை தவறு செய்ய என்னால் ஆகாது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் போன் வருவதற்கு முன்பே அந்தக் கீல் உடைந்த லேப்டாப்பை எடுத்து, மூடி விழாமல் தலையணையில் சாய்த்து வைத்து, சுவிட்சைப் போட்டு, கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து வருகிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்:

"ஓடுது பாய்."