மாப்பிள்ளை வாளி

புதுமாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன். சாப்பிட்டு அனுபவித்தவன் குறை சொல்லப்படாது. ஆனால் அதே மரியாதைதான் என்னை மூன்று பேராசிரியர்கள் முன்னால் நிறுத்தி, "சாய்ந்தமருதுக் கடலில் சின்ன மீன் கிடையாது" என்று சொல்ல வைத்தது. சொன்னவன் ஒரு கணித ஆசிரியன். அதுதான் வெட்கம்.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு லப்டொப்புமாகச் சாய்ந்தமருதுக்குப் போனேன். சம்பந்தம் பேசியவர் "மாப்பிள்ளை எம்.எஸ்சி முடிச்சவர்" என்று சொல்லியிருந்தார். (முடிக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.) இரண்டு தரம் தவணை வாங்கியாயிற்று, இந்தத் தரம் ஆய்வைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அப்புறம் பெண்ணைத் தந்த மாமாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

கீரி மீன்களை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று சலாகை சலாகையாக வலையுருவரையம் வரைந்து, அந்தச் சலாகைகளின் உச்சியை ஒட்டி வளைந்து போகிற கோட்டை, அதாவது வளையி ஒன்றைக் கணித மென்பொருளில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு. மாமாவிடம் சொந்தக் கரைவலை இருந்தது. பள்ளிக்கூட வேலை என்று சொல்லி, கரைக்கு வந்து மீன் அளக்கிறேன் என்றேன்.

"என்ன கதை மகன் இது?" மாமா பதறிப்போனார். "புதுமாப்பிள்ளை கரையில நிண்டு மீன் அளந்தா ஊர் என்ன சொல்லும்? நீங்க வீட்டுல இரிங்க. வாளியில அனுப்புறன்."

"வாற மாதிரியே அள்ளி அனுப்புங்க மாமா. ஒருநாளைக்கு முப்பது."

"ஓம் மகன், அதெல்லாம் நான் பாத்துக்கிறன்."

பார்த்துக்கொண்டார்.

விடிந்ததும் வாளி வரும். நான் அடிமட்டத்தால் அளக்க, மனைவி றிஸ்னா கொப்பியில் எழுதுவாள். இரண்டு மாதத்தில் படம் தயார். சலாகைகளின் உயரத்தை எப்படி எண்ணாக எடுப்பது என்று தெரியாமல், லப்டொப் திரையிலேயே அடிமட்டத்தை வைத்து அளந்தேன். (மீன் வாடை இன்னும் போகவில்லை.) மென்பொருளே அந்த எண்களைத் தரும் என்று பிறகுதான் தெரிந்தது. தந்தது. இருபது சலாகைக்கு இருபது எண்ணிக்கை, ஆனால் ஓரங்கள் இருபத்தொன்று! இரண்டும் சமனில்லை என்று வளையி பொருந்த மறுத்தது. வரிசையாக இருபது அறை கட்டினால் இருபத்தொரு சுவர் வரும், ஓரத்தை விட்டுவிட்டு நடுப்புள்ளியை எடுக்க வேண்டும் என்பது விளங்க எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகும், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிற மணி வடிவ வளையி உட்காரவில்லை. படத்தின் இடப்பக்கம் கத்தியால் வெட்டினதுபோல் நின்றது. பதினான்கு சென்ரிமீற்றருக்குக் கீழே ஒரு மீனும் இல்லை. விடுவேனா? பட்டியலில் இருந்த வளையி அத்தனையையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் படிப் பல்லுறுப்பி ஒன்று அச்சொட்டாகப் பொருந்தியது, ஆனால் பன்னிரண்டு சென்ரிமீற்றரில் மைனஸ் நாற்பது மீன் இருப்பதாகச் சொன்னது. கடைசியில் இடப்பக்கமே இல்லாத வளையி ஒன்றைப் பிடித்துப் பொருத்தி, "சின்ன மீன்கள் இக்கடலுக்கு வருவதில்லை" என்று முடிவும் எழுதினேன்.

றிஸ்னா வாசித்துவிட்டு, "இஞ்ச பாருங்க, சின்ன மீன்..." என்று தொடங்கினாள்.

"ஆய்வுக்குள்ள குறுக்க கதைக்காத புள்ள."

அவள் குசினிக்குப் போய்விட்டாள். அங்கே அவளும் மாமியும் தினமும் என்ன மீன் பொரித்துச் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

வாய்மொழிப் பரீட்சையில் நடுவில் இருந்த பேராசிரியர் காரைதீவுக்காரர். "தம்பி, உங்கட ஊரில கீரி முட்டையிலயிருந்து வரக்குள்ளயே பதினாலு சென்ரிமீற்றரா?" என்றார். பிறகு, "மீன் தந்தவருக்குப் போன்ல ஒரு கோல் எடுங்க. ஸ்பீக்கரில சத்தமாப் போடுங்க."

போட்டேன். "மாமா, வாளியில சின்ன மீன் ஏன் வரல்ல?"

"யா அல்லாஹ்! மாப்பிள்ளைக்கு ஆராவது சின்ன மீன் அனுப்புவாங்களா மகன்? நானே குந்தியிருந்து ஒவ்வொண்டாப் பொறுக்கினன். ஏன், எவனாவது சின்னன் கலந்துட்டானா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மற்ற இருவரும் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார்கள். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போலிருந்தது. ஒரு மாதம் தந்தார்கள், நானே அளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மறுநாள் காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். மாமா ஓடி வந்தார். "பள்ளிக்கூட வேலைக்கு ஏன் மகன் இந்தப் பாடு?"

"பள்ளிக்கூட வேலையில்ல மாமா. எம்.எஸ்சி. நான் இன்னும் முடிக்கல்ல."

மாமா என் கையிலிருந்த அடிமட்டத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு வலைக்காரர்கள் பக்கம் திரும்பி, "டேய், சின்னன் ஒண்டும் விடாம இஞ்ச கொண்டு வாங்கடா! மருமகன் முடிக்கணும்!" என்று கத்தினார்.

மணி வளையி முதல் தட்டலிலேயே உட்கார்ந்தது. பட்டமும் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது பெருமையடித்தால், "அது மாப்பிள்ளை வாளி" என்பார்கள்.

போன மாதம் றிஸ்னாவின் தங்கைக்கு நிக்காஹ். மாமாவுக்கு முழங்கால் வலி; புதுமாப்பிள்ளைக்கு மீன் எடுக்க என்னைக் கரைக்கு அனுப்பினார். கொண்டுவந்த வாளிக்குள் றிஸ்னா எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் என் அடிமட்டத்தை எடுத்து வந்தாள். இருந்ததிலேயே சின்ன மீனைத் தேடி எடுத்து அளந்தாள்.

"உம்மா!" என்று குசினிப் பக்கம் கூப்பிட்டாள். "பதினஞ்சு சென்ரிமீற்றர்! இந்தக் கடலில இப்பயும் சின்ன மீன் இல்லையாம்!"