சங்கத்தில் சொந்தம் கூடாது

“என்னய்யா இது அநியாயம்! நாம மூணு பேரும் ஒரே குடும்பமாம்!”

வரிவிலக்கு அலுவலகக் கடிதத்தைத் தம்புசாமி மேசைமேல் விட்டெறிந்தார். கிள்ளானில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் சங்கத்துக்கு அவர் தலைவர். வீல்சேரோடு ஏறக்கூடிய வேன் ஒன்று தருவதாக ஷா ஆலம் முதலாளி ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் வரிவிலக்கு கிடைத்தால்தான் வேன். அதுவரை தம்புசாமியின் பழைய கார்தான் கதி. அதில் வீல்சேரை மடக்கி ஏற்றுவதற்குள் அவருக்கே ஆஸ்பத்திரி தேவைப்படும்போல இருந்தது.

நிர்வாகிகள் உறவினராக இருக்கக் கூடாதாம். சத்தியமாக இல்லை! பொருளாளர் குரு சுங்கை பூலோக்காரர். செயலாளர் மலர்விழி பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் டீச்சர். மூவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“கூட்டக் குறிப்பை மலாய்ல எழுதி அனுப்புனது யாரு?” என்றார் குரு.

“நான்தான் மச்சான். ஒரு வார்த்தை விடல!” என்றார் தம்புசாமி.

அதுதான் வினை. மலர்விழி பேசுகிற மாதிரியே குறிப்பு எழுதுவாள்: ‘குரு அண்ணன் முன்மொழிய, தம்புசாமி மாமா வழிமொழிந்தார்.’ தம்புசாமியும் அண்ணனைக் கூடப்பிறந்தவனாகவும் மாமாவைத் தாய்மாமனாகவும் மலாயில் பெயர்த்து, சங்க முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டார்.

உடனே விளக்கக் கடிதம் எழுதினார். சொந்தமே இல்லை என்று ஆறு பத்தி. அதோடு விட்டாரா? ‘நாங்கள் ஒரே குடும்பமாகச் சேவை செய்கிறோம்’ என்று முடித்தார்.

நான்கே நாளில் பதில் வந்தது. இரண்டு மாதத்தில் அதிகாரியே நேரில் விசாரிக்க வருகிறாராம்.

“இனிமே மாமா, மச்சான், அண்ணே ஒண்ணும் கிடையாது! வாய் தவறுனா வேன் போச்சு!”

“குரு அண்ணனை வேற எப்படிக் கூப்பிடுறது மாமா?” என்றாள் மலர்விழி.

“பேரு சொல்லு!”

“பேரா? கூச்சமா இருக்கே மாமா.”

“மிஸ்டர் தம்புசாமி!”

“கூச்சமா இருக்கு, மிஸ்டர் தம்புசாமி.”

“ரெண்டு பேரும் தனியா உட்கார்ந்து பிராக்டிஸ் பண்ணுங்கலா. தினம் ஒரு மணி நேரம்!”

தம்புசாமியும் வீட்டில் பழகிப் பார்த்தார். “மிஸஸ் தாமரை, கோப்பி கிடைக்குமா?” என்று மனைவியிடம் கேட்டார். அன்று கோப்பியும் இல்லை, சோறும் இல்லை.

அதிகாரி புவான் ரொஹைசா வந்தார். ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். யாரும் உளறவில்லை.

“மிஸ் மலர்விழி, ஃபேனைப் போடவா?”

“வேணாம், மிஸ்டர் குரு.”

அடடா, என்ன அந்நியம்! தம்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

“சந்தேகம் தீர்ந்தது. உறவில்லை என்று மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த வாரமே அனுமதி,” என்றார் அதிகாரி.

தம்புசாமிக்குக் கண் கலங்கியது. வேனை மனத்துக்குள் வாசலில் நிறுத்தியே விட்டார். தாம் முதலில் போட்டுவிட்டுப் பேனாவை மலர்விழியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. குரு கூரையைப் பார்த்தார்.

“போடுங்க, மிஸ் மலர்விழி!”

“அண்ணேன்னு கூப்பிடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா... போன வெள்ளிக்கிழமை நானும் குருவும் கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்லா!”