நாரைக்கு எழுதிவைத்த தோப்பு

திருத்துறைப்பூண்டி தாலுகா,
தை மாதம், 1978.

மகா கனம் பொருந்திய மைத்துனர், மன்னார்குடி வக்கீல் கலியபெருமாள் அவர்களுக்கு, இராஜாங்கம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அக்காள் சௌந்தரநாயகியும் சுகம். மாடு கன்றும் சுகம். நாரைகள் எங்கள் எல்லோரையும் விடச் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் செத்துப்போன சித்தப்பா பேரிலும் எழுதிவைத்த பிறகும் ஏரிக்கரைத் தோப்பு மிஞ்சி நின்றது உங்களுக்குத் தெரியும். பினாமிக்கு ஆள் தீர்ந்துபோய் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, "பறவை அடையிற எடத்துல சர்க்கார் கைவைக்காது அத்தான்" என்று சொன்னது நீங்கள்தான். நல்ல பினாமி, பிற்பாடு நிலம் என்னுடையது என்று கோர்ட்டுக்குப் போகாது என்று நானும் கூடை கூடையாகக் கெண்டை வாங்கித் தோப்புக் குளத்தில் விட்டேன். முதலில் ஒரு நாரை வந்து எட்டிப் பார்த்தது. அது போய் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதோ என்னவோ, கார்த்திகைக்குள் மரமே தெரியாத அளவுக்குப் பறவை. உபரி நிலம் என்று கொடி நட வந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தராசு கூட, தலையில் எச்சம் விழுந்ததும், இந்தத் தோப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரே ஆனந்தம். அப்புறம்தான் வனத்துறை ரேஞ்சர் அமிர்தலிங்கம் வந்தார். என் காப்பியைக் குடித்துவிட்டு, இனி தேங்காய் பறிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஏரியோடு சேர்த்துத் தோப்பையும் சரணாலயமாக அறிவிக்க எழுதப்போகிறேன் என்றார். வனவிலங்குச் சட்டமாம். போதாதற்கு அரசியல் சட்டத்திலும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம்.

"உயிர்ங்ககிட்ட இரக்கமா இருக்கறது குடிமகனோட கடமைங்க," என்றார்.

"நானும் ஒரு உயிர்தானுங்களே," என்றேன். அதற்குச் சட்டத்தில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் அக்காள் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைக்கிறாள். சர்க்கார் எடுத்திருந்தாலாவது வேலியோரம் நின்று பெருமூச்சு விட்டிருப்பேன். இப்போது பெருமூச்சையும் மெதுவாக விட வேண்டியிருக்கிறது. தோப்பு எனக்கு வேண்டும் மாப்பிள்ளை. நாரைகளைக் காலி செய்யச் சொல்லி உடனே ஒரு மனு போடுங்கள்.

உங்கள் வீட்டு மரத்தில் காக்கையைத் தவிர வேறெதுவும் உட்காராமல் குழந்தை குட்டிகளோடு சௌக்கியமாக இருக்க ஆசீர்வதிக்கும்,
அத்தான் இராஜாங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அக்காள் பொறுமை இழந்து, திருவிழாவில் மிச்சமான அதிர்வேட்டைக் கொளுத்திவிட்டாள். இப்போது ஒரு நாரைகூட இல்லை. இருவரும் கைகோத்து ஆடினோம். ஆடி முடிப்பதற்குள் தலையாரி வந்து, பறவை போய்விட்டதால் வெள்ளிக்கிழமை தோப்பை அளந்து எடுக்க உச்சவரம்புத் தாசில்தாரை அழைத்து வரப்போவதாகச் சொல்கிறான். வேட்டுச் சத்தம் கேட்டு ரேஞ்சர் சைக்கிளை மிதித்து வருவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. மனு வேண்டாம். ஜாமீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பஸ்ஸில் ஒரு கூடை கெண்டையோடு வாருங்கள். மீன் உயிரோடு இருக்கட்டும். நாரை அவர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும்.