வெயிலில் வந்த வெள்ளம்

ஒரு நாடு முன்னேற வேண்டுமானால் நாளைக்கு மழையா வெயிலா என்பது இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் மட்டாஞ்சேரி முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்டவர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன், பல் பிடுங்குவதற்காக வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் சொன்னேன். (அவர் மறுத்துப் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.) அப்பேர்ப்பட்ட வானிலை அறிக்கையை நம்பாமல் முதலில் மாடிக்கு ஓடியது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்களுடையது அப்பா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இந்த விவரத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மறந்துவிட்டேன்.

பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் எனக்குக் குமாஸ்தா வேலை. முதலாளி பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். கிடங்குக்கு முன்னால் தெரு, பின்னால் காயல், நடுவில் பெரிய சிமெண்ட் முற்றம். மலையிலிருந்து வரும் சுக்கில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். ஒடித்தால் 'டக்'கென்று முறிகிற வரை அதை முற்றத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். நடுவில் ஒரு மழை நனைத்தால் தீர்ந்தது, பூஞ்சை பிடித்துவிடும். மழையைக் கண்டுபிடிக்க முதலாளி வைத்திருந்த கருவி அவருடைய இடது முழங்கால். அது வலித்தால் மழை. ஆனால் முழங்காலுக்கு வேறு காரணங்களுக்காகவும் வலிக்கத் தெரியும். அதனால் பாதி நாள், மண்டையைப் பிளக்கும் வெயிலில், சுக்கு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து வியர்த்துக்கொண்டிருக்கும்.

அந்த மார்ச்சில் விருதுநகரிலிருந்து ஓர் அண்ணாச்சி பெரிய ஆர்டரோடு நேரிலேயே வந்து இறங்கினார். "வியாழக்கிழமை சாயங்காலம் லாரி கிளம்பணும். ஒடிச்சுப் பாத்துத்தான் ஏத்துவேன். வளைஞ்சா வேணாம்" என்று சொல்லிவிட்டு, சரக்கைக் கண்ணாலேயே காவல் காக்கக் கிடங்கின் மாடி அறையில் தங்கிக்கொண்டார்.

நான் வானிலை ஆபீஸுக்கு போன் போட்டேன். வியாழன் சாயங்காலம் வரை மழை இல்லை, அதற்கப்புறம் உண்டு என்றார்கள். நேராக முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, மொத்தச் சரக்கையும் ஒரே வீச்சில பரப்பிடலாம். வியாழன் வரைக்கும் மழை கிடையாது."

"ஆரு சொன்னா?"

"வானிலை ஆபீஸ்."

"எடா மணி, மழை என்ன அவங்ககிட்ட பெர்மிஷன் வாங்கிட்டா வருது?"

விடுவேனா? "விவசாயி எப்ப விதைக்கணும், வள்ளக்காரன் எப்பக் கடலுக்குப் போகணும், நாம எப்பச் சுக்கு பரப்பணும், எல்லாம் இதுல இருக்கு முதலாளி. வசதியான நாடுன்னா ஒரு மழையில போன சரக்கைத் தாங்கிக்கும். நம்மால முடியுமா?"

முதலாளி முழங்காலைத் தடவினார். "லேசா வேதனை இருக்கே."

"நேத்து ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடும்போது இடிச்சுக்கிட்டீங்க."

முழங்காலிலிருந்து கையை எடுத்தார். "சரி, பரப்பு. நனைஞ்சுதோ, சுக்கோட சேர்த்து உன்னையும் மூட்டை கட்டி அனுப்பிருவேன்."

திங்கட்கிழமை மொத்தச் சரக்கும் முற்றத்துக்கு வந்தது. இந்திய வானிலையின் மானமும் என் வேலையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

செவ்வாய் காலை முதலாளி எர்ணாகுளத்தில் ஏதோ வேலையாகப் போயிருந்தார். பொறுப்பு என்னுடையது. அண்ணாச்சி தண்ணீர்க் கரையில் தூங்கிப் பழக்கமில்லாதவர். முந்தின நாள் முழுக்க, "தம்பி, இந்தக் காயல் தண்ணி உள்ள ஏறிராதுல்ல? கடலோட சேந்ததுன்னு சொல்றாங்களே?" என்று குடைந்துகொண்டிருந்தார். நானும் "ஏறாது அண்ணாச்சி, ஏறாது அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே ஏறிவிடுமோ என்று இருந்தது.

முற்றத்தில் ரோஸிச் சேச்சியும் மற்றப் பெண்களும் சுக்கைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வாசல் பக்கம் ஒரு கூவல்.

"வெள்ளம் வந்நே! ஓடி வாயோ!"

அவ்வளவுதான். பெண்கள் அத்தனை பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். பாதி முகத்தில் ஷேவிங் சோப்போடு அண்ணாச்சி மாடிப்படியில் பாய்ந்து வந்தார். "தம்பி! வெள்ளம்ங்காங்க! அந்தா பாரும்!"

பார்த்தேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக உள்ளே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்ற நீலம். ஆனால் வானிலை ஆபீஸில் நான் கேட்டது மழையைப் பற்றி மட்டும்தானே? கடலைப் பற்றிக் கேட்கவேயில்லையே! (பயந்தவன் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள்.)

எதிர்ச் சாயாக்கடையில் சுமட்டுத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாத்தையும் வாரி மாடிக்கு ஏத்துங்க! வெள்ளம் வந்நு!" என்று அலறினேன்.

"ஆ, வந்நு, வந்நு" என்று அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

ஊரே முழுகப்போகிறது, சிரிக்கிறார்களே, என்ன நெஞ்சுரம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதற்கு ஏற்றுகிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஏற்றுகூலி வேறு, இறக்குகூலி வேறு என்பது கொச்சியில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

மதியத்துக்குள் முற்றம் காலி. மொத்தச் சுக்கும் மாடியில் மலையாகக் குவிந்துகிடந்தது. அதற்கு மேலும் என் கடமை முடியவில்லை. தராசைக் காப்பாற்றினேன். சுவர்க் காலண்டரைக் காப்பாற்றினேன். டெலிபோனை ஒயரோடு பிடுங்கிக் காப்பாற்றினேன். மாடிப்படியின் உச்சியில், அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முதலாளி வந்தார்.

சுட்டெரிக்கும் வெயில். துடைத்துவிட்டதுபோலக் காலி முற்றம். மடியில் டெலிபோனோடு நான்.

"எடா, என்னடா இது?"

"வெள்ளம், முதலாளி!"

"எவிடெடா?"

நான் வாசலைக் காட்டினேன். அங்கே ரோஸிச் சேச்சி இடுப்பில் குடம் தளும்பத் தளும்ப உள்ளே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பைப்பில் வெள்ளம் வந்நு முதலாளி! எத்ர திவசமாயி!"

விஷயம் இதுதான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர். கோடையில் எங்கள் தெருக்குழாயில் பல நாளைக்கு ஒருமுறை அது வந்தால், திருவிழா மாதிரி கூவிக்கொண்டு ஓடி, மதியம் வரை வரிசையில் நிற்பார்கள். குழாயடி நிரம்பி வழிந்ததுதான் கதவுக்கு அடியில் வந்த கோடு. விருதுநகர்க்காரருக்கு இது தெரியாதது நியாயம். பிறந்ததிலிருந்து "கொறச்சு வெள்ளம் தா" என்று கேட்டுக் குடித்து வளர்ந்தவனுக்கு? அண்ணாச்சியின் வாயிலிருந்து தமிழில் வந்த ஒரே ஒரு 'வெள்ளம்' என் இருபத்தைந்து வருட மலையாளத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

ரோஸிச் சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஈ மோன் இதுவரெ வெள்ளம் குடிச்சிட்டில்லே?" இந்தப் பிள்ளை இதுவரை தண்ணீரே குடித்ததில்லையா என்கிறார்.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மணி, உன் வானிலை ஆபீஸுக்கு ஒரு போன் போடு. வெள்ளம் எப்ப வடியும்னு கேளு."

மடியிலிருந்த டெலிபோனைப் பார்த்தேன். அறுந்த ஒயர் படியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க அருமையான வெயில் வெறும் சிமெண்டைக் காயவைத்துவிட்டுப் போனது. புதனும் வியாழனும் நான் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. சேச்சிமாரோடு சேர்ந்து கிளறினேன்.

வியாழன் சாயங்காலம் அண்ணாச்சி பரீட்சை வைத்தார். டக். டக். டக். என் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மாடிக் குவியலின் அடியில் கிடந்து புழுங்கிய சில மூட்டைகள் மட்டும் முறியவில்லை. "வெண்டைக்கா மாதிரில்லா வளையுது" என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஏற்றிக்கொண்டார். தார்ப்பாய் கட்டி லாரி தெருமுனை திரும்பியது. முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

முதலாளி கையை நீட்டி மழையைப் பிடித்துப் பார்த்தார். "எடா, சொன்னபடிக்கே வந்துட்டுதே!"

நான் காலரை நிமிர்த்திக்கொண்டேன்.

"அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். அதைப் போயும் போயும் உன்கிட்ட சொன்னதுதான் தப்பு."

அன்றிலிருந்து தினமும் காலையில் வானிலை ஆபீஸுக்கு முதலாளியே போன் போட்டார். முழங்கால் ஓய்வு பெற்றது. பக்கத்துக் கிடங்குக்காரர்களும் பரப்புவதற்கு முன்னால் அவரிடம் வந்து கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். அந்த டெலிபோனைத் தொட எனக்கு மட்டும் அனுமதி இல்லை.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, மனைவி, மகளோடு தோப்பும்படியில் வாடகை வீடு பார்க்கப் போனேன். இந்தக் கதை அதற்குள் அவர்கள் இருவருக்கும் மனப்பாடம். ஹால், சமையலறை எல்லாம் பார்த்துவிட்டு என் மனைவி வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சேட்டா, மாடி உண்டோ? இவருக்கு அடிக்கடி வெள்ளம் வரும்."

அந்த நல்ல மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம் என்று நினைத்து, பயமே வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "ஒட்டும் பேடிக்கேண்டா! இவிடெ ராவும் பகலும் வெள்ளமா!"

என் மகள் உடனே என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஓடு! மாடிக்கு!"