நாலே முக்கால் வயது

குழந்தையிடம் யாராவது கேள்வி கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "உன் பேர் என்ன பாப்பா?" என்று அவர்கள் குனிந்து முடிப்பதற்குள் "கோமதி" என்று நான் சொல்லிவிடுவேன். எந்த வகுப்பு, என்ன சாப்பிட்டாய், யாரைப் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் நான்தான். (யாரைப் பிடிக்கும் என்பதற்கு "அப்பாவை" என்று சொல்வேன்.)

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பம்பாயில், செம்பூரில் குடியிருந்தோம். எனக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. கோமதியை மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். அங்கே அந்த வருடம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைகளின் பேச்சுத் திறனை அளந்து பார்த்துத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்களாம். பத்துப் படங்கள், படத்துக்கு ஒரு நிமிடம். சொல்லும் பதிலை வைத்துக் குழந்தையின் பேச்சுக்கு எத்தனை வயது என்று கணக்குப் போடுவார்கள். எங்கள் ஸ்டோரில் போல்ட்டுகளைச் சோதிக்க இரும்பு வளையம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தால் சரக்கு, நுழையாவிட்டால் கழிவு. நாக்குக்கும் அப்படி ஒரு வளையம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீண்.

"ஏங்க, அங்க போயி வாயைத் தொறக்காதீங்க. அவ நல்லா சொல்லுவா" என்று என் மனைவி சண்முகவடிவு புறப்படும்போதே சொன்னாள்.

பள்ளி வாசலில் காவல்காரர் கோமதியின் கன்னத்தைத் தட்டி, "நாம் க்யா ஹை, பேட்டி?" என்று இந்தியில் பேர் கேட்டார்.

"கோமதி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப் கா நாம் கோமதி ஹை, சாப்?" கோமதி என்பது என் பேரா என்று கேட்கிறார்.

அங்கேயே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

சோதனை செய்யும் டீச்சர் இளம் பெண். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறு கையில் விதிப் புத்தகம். பெற்றோர் வெளியே இருக்கலாம் என்றார். குழந்தை என் விரலை விடமாட்டேன் என்றதால் உள்ளே போனேன் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். விரலை விடாதவன் நான்தான்.

முதல் படத்தில் வெள்ளைவெளேரென்ற தரையில் சக்கரமில்லாத பலகை ஒன்று. டீச்சர் வாட்சை அழுத்தினார். கோமதி படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறு வருடப் பழக்கம். ஐந்து விநாடி. பத்து விநாடி.

"சக்கரம் கழன்ற கைவண்டி. ரிப்பேருக்கு நிக்குது" என்றேன்.

"சார், குழந்தை சொல்லட்டும். ஒரு நிமிஷத்துக்குள்ள எந்தப் பதில் வந்தாலும் நான் எழுதியாகணும். திரும்பக் கேக்கப்படாதுன்னு ரூல்" என்றார் டீச்சர். எழுதவும் எழுதினார். எல்லாவற்றையும் யோசித்த அந்தப் புத்தகம் என்னைப் போன்ற ஒரு தகப்பனை யோசிக்கவில்லை. இப்படிப்பட்ட புத்தகத்துக்கு இப்படிப்பட்ட தகப்பன் சரிதான்.

இரண்டாவது படத்தில் தொப்பி போட்ட வெள்ளைப் பொம்மை. "சோளக்கொல்லை பொம்மை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க." மூன்றாவதில் கோட்டு போட்ட குடும்பம் ஒன்று எரியும் சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தது. "வீட்டுல தீப்பிடிச்சிருக்கு. ஒருத்தரும் அணைக்கக் காணோம்" என்று கவலையோடு சொன்னேன். பனிச்சறுக்குப் பலகை, பனிப் பொம்மை, கணப்பு என்று பனியையே பார்க்காத பம்பாய்க் குழந்தைகளுக்கு இந்தப் படங்களை எந்தச் சீமையிலிருந்து இறக்கினார்களோ. பத்துப் படமும் முடியும்வரை கோமதி வாயைத் திறக்கவில்லை. நான் மூடவில்லை.

நாலு நாள் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"குழந்தைக்கு வயசு ஆறு. பேச்சுக்கு வயசு நாலே முக்கால். மனசைத் தளர விடாதீங்கோ. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"மேடம், அது அவ பதில் இல்லை."

"பின்ன யாரோடது?"

மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னோடது" என்றேன்.

"அப்போ அதை எழுதிக் குடுங்கோ. மறுபடி டெஸ்ட் வைக்கணும்னா காரணம் ஃபைல்ல இருக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி சோதனையில் பதிவான பதில்கள் யாவும் குழந்தையின் தகப்பனாராகிய என்னுடையவை. வயது முப்பத்து நான்கு. படிப்பு பி.காம்.' அதுவரை பொறுமையாக இருந்த தலைமையாசிரியை பி.காம். என்ற இடத்தில்தான் சிரித்தார்.

மறு சோதனையின்போது என்னைக் காவல்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே கோமதி, பலகையில் கயிறு இருக்கிறது, இழுத்து விளையாடுகிறார்கள் என்றாளாம். தீயைப் பார்த்து, குளிருக்கு அடுப்பைச் சுவருக்குள் வைத்திருக்கிறார்கள் என்றாளாம். கடைசியில் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது அவள் சொன்னதை டீச்சர் ஒரு வரி விடாமல் எழுதி வைத்து எனக்குப் படித்தும் காட்டினார்: "யாரு எது கேட்டாலும் எங்கப்பா சொல்லிருவாங்க. தப்பா இருந்தா நான் அப்பறமா அம்மாட்ட சரியா சொல்லிருவேன்."

பேச்சு வயது ஏழே கால். இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்காவது குறுக்கே வாயைத் திறந்தால், "நாலே முக்கால்" என்று ஒரு குரல் வரும். நான் மூடிக்கொள்வேன்.

போன மாதம் கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். கிடைக்காமல் கிடைத்த நல்ல இடம், கெட்டுவிடக் கூடாது. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். கோமதி மாப்பிள்ளையிடம், "வேலை எங்கே?" என்று கேட்டாள்.

"டிராம்பேல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வேலை பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் மறுபடியும் அப்பா.

எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. கோமதி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இங்கயும் ஒரு நாலே முக்கால் வந்திருக்கு." மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. எனக்கு உயிர் போய் வந்தது.

"அது என்ன நாலே முக்கால்?" என்று மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார். கோமதி கைவண்டியிலிருந்து பி.காம். வரை சொன்னாள். அவர் சிரித்து முடித்துவிட்டு, "இருபத்தாறு வருசமா எனக்கும் இதே கதைதான். உங்களையாவது டெஸ்ட் வச்சுக் காப்பாத்தினாங்க, எனக்கு அப்படி ஒருத்தரும் இல்லை" என்றார்.

"அவனுக்கு விளையாட்டுப் பேச்சு" என்று அவருடைய அப்பா ஆரம்பித்தார். சண்முகவடிவு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து அவருடைய தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனேன்.

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. தையில் கல்யாணம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.