பூனைக்குத் தோஷம் கண்டுபிடித்த மாப்பிள்ளைக்கு

இடம்: ஓரிக்கை

மாப்பிள்ளை ஆனந்தராஜ் அவர்களுக்கு மாமனார் மாணிக்கவேல் எழுதுவது.

ஓடியாடிக்கொண்டிருந்த என் பூனையை நீங்கள் இதய நோயாளி ஆக்கிவிட்டீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நானும் உங்கள் அத்தை கமலாட்சியும் சுகம். தாம்பரத்தில் நீங்களும் ரேவதியும் சுகமாக இருக்க வேண்டும். கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக அதைக் கேட்காமல் விடுகிறவன் இல்லை நான்.

போன முறை வந்தபோது பஞ்சு சுற்றிய குச்சியைப் பூனையின் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தீர்கள். பல் விளக்குகிறீர்கள் என்று நினைத்து நான்தான் வாயைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த எச்சிலை எங்கோ அனுப்பிவிட்டு, பரம்பரையாக வரும் இதய நோயின் மரபணு இதற்கு இருக்கிறது, இதயச் சுவர் தடிக்கலாம், தடிக்காமலும் போகலாம், வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டும், ஜோடி சேர்க்கக் கூடாது, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள் மாமா என்று போனில் அடுக்கினீர்கள். வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்ல எதற்கு ஆராய்ச்சி? அதை நானே சொல்வேனே!

அன்றிலிருந்து உங்கள் அத்தை துரையைத் தரையில் விடுவதில்லை. (நீங்கள் வைத்த லியோ என்ற பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பியதில்லை. துரை என்றால் வருகிறது.) மாடிப்படியில்கூடத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு, பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்குத் தறிவீட்டில் எலி வருகிறது, துரையைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று வந்தான். "அதுக்கு ஹார்ட்டுபா, ஓடக் கூடாது" என்றாள். "எலிங்களுக்குத் தெரியாம பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இந்தத் தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் யாரிடமும் பாடம் கேட்காமல், பஞ்சாங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கக் கற்றவன். செவ்வாய் தோஷம் உள்ள பையனுக்கு அதே தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினால் தோஷம் கழிந்துவிடும். உங்களுக்கும் ரேவதிக்கும் அப்படித்தான் முடித்தேன். நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? செவ்வாய்க்கு ஒரு நியாயம், மரபணுவுக்கு ஒரு நியாயமா?

ஆகவே அதே தோஷம் உள்ள பெண் பூனையைத் தேடினேன். தையல் மெஷின் பழுது பார்க்கும் அப்துல் சத்தார் பாய் வீட்டிலேயே இருக்கிறது. அவர் பேத்தி ஷிஃபா வளர்க்கும் நூரி. துரையின் இனம்தான், அதே சோதனை, அதே முடிவு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பாய்தான் தயங்கினார்.

"எங்கள்ல ஜாதகம் பாக்கறதில்லையே, மாணிக்கவேல்."

"பூனைக்கு ஏது பாய் மதம்?"

"அப்போ பூனைக்கு ஏதுபா ஜாதகம்?"

வயதில் மூத்தவர், விட்டுவிட்டேன். ஷிஃபா ஏனாத்தூர் காலேஜிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். ஜோடி சேர்க்க வெள்ளிக்கிழமை நாளும் நன்றாக இருக்கிறது.

ஆகவே ஸ்கேனும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. நீங்கள் அத்தைக்குப் போன் செய்து, துரைக்கு ஒன்றுமில்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இனிமேல் என் வீட்டில் எந்த வாயிலும் குச்சி விடக் கூடாது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு.

மாணிக்கவேல்

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் ஷிஃபாவே வந்துவிட்டாள். "தாத்தா, நீங்க சொல்ற மாதிரி கழியாது, கூடிப்போவும். ரெண்டுகிட்டயும் அந்த மரபணு ஒவ்வொண்ணு இருக்குது. குட்டிக்கு ரெண்டும் வந்துட்டா சின்ன வயசுலயே இதயம் தாங்காது" என்றாள். நான் விடுவேனா? "நீ பஞ்சாங்கம் படிச்சிருக்கியாமா?" என்றேன். "நூரியோட அம்மா, அப்பா ரெண்டுக்கும் இருந்துது தாத்தா. நூரியோட தம்பி ஒருத்தன் இருந்தான். பந்து விளையாடிக்கினே இருந்தான். குதிச்சான், விழுந்தான், எழுந்திருக்கல. அதுக்கப்புறம்தான் நூரிக்கு டெஸ்டே எடுத்தோம்." அப்போது துரை அவள் மடியில் ஏறித் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒட்டப் போன கவரை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

பூனைக்குத் தோஷம் கூடும் என்பதை முதலிலேயே விளக்கிச் சொல்லாதது உங்கள் தப்புதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரோடு வந்துவிட வேண்டும். ரேவதி மூடி போட்ட கூடை கொண்டுவர வேண்டும். முதலில் ஸ்கேன், பிறகு டாக்டர் சரி என்றால் ஆபரேஷன். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், என்னால் நின்று கேட்க முடியாது. அத்தை வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே வந்தால் அழுவாள். சிட்டிபாபு எலிப்பொறி வாங்கிக்கொள்ளட்டும். பாயிடம் வெள்ளிக்கிழமை இல்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். கூடை பின் சீட்டில் சும்மா இருக்கட்டும். போக வர துரை என் மடியில்தான் இருக்கும், அதை யாரும் கேட்கக் கூடாது.