ஏழாவது சாமானியர்

இந்த வருஷம் பதவி உயர்வு வாங்காமல் விடுவதில்லை என்று குமாஸ்தா சபதமே போட்டுவிட்டார். தொழில்நுட்பத் துறையில் பதினெட்டு வருஷம் கோப்பு நகர்த்தியவர், இப்போது சொந்தமாக ஒரு கொள்கையே எழுதியிருந்தார். இனி வீட்டுச் சலவை மெஷின் எல்லாம் அரசாங்கக் கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்தில்தான் ஓடும். மின்சாரம் மிச்சம். கொள்கை நிறைவேறினால் கண்காணிப்பாளர் நாற்காலி அவருக்கு.

இயக்குநர் அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீட்டில் துணி துவைக்கிற சாமானியர் ஏழு பேர் கூட்டத்தில் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டும். குமாஸ்தா தெருத்தெருவாக அலைந்து, நன்றாகத் தலையாட்டுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தார். கூட்டத்தன்று காலையில் பார்த்தா ஏழாவது ஆளுக்குக் காய்ச்சல் வரவேண்டும்? வேறு வழியில்லாமல் சமையலறையில் இருந்த மனைவியிடம் போனார்.

"இன்னைக்கு நீ சாமானியரா வரணும்."

"சாமான் தேய்க்கிறவங்களையா சொல்றீங்க?"

"விளையாடாதே. சாதாரண ஜனம்னு அர்த்தம். கருத்துக் கேட்புக் கூட்டம்."

"யார் கருத்தை?"

"உங்களை மாதிரி ஜனங்க கருத்தைத்தான்."

"கல்யாணமாகி பதினாறு வருஷத்துல ஒண்ணையாவது கேட்டிருக்கீங்களா?"

"இன்னைக்கும் கேக்கப் போறதில்லை. நீ வாயே திறக்கக் கூடாது. கை தூக்கச் சொன்னா தூக்கு, போதும். முக்கியமா, என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதே. சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னு விதி."

"சரிங்க. ரெண்டும் அப்படியே செய்றேன்."

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே இல்லை. அங்கேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். நாற்காலிக் கனவில் இருந்தவருக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்!

கூட்டத்தில் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். ஆறு தலைகள் ஆடின. ஏழாவது தலை ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல மெஷின் ஓடி முடிஞ்சா, ஈரத்துணி எவ்வளவு நேரம் நாறாம இருக்கும்?"

குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். அதில் ஈரமே இல்லை.

"போகட்டும். ஒரு தடவை துவைக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு... அஞ்சு நிமிஷம்?"

ஆடிய ஆறு தலைகளும் நின்றுவிட்டன.

"சோப்புத்தூளை எங்கே போடணும்னாவது தெரியுமா?"

குமாஸ்தா திரும்பி மனைவியைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார், புருவத்தால் கெஞ்சினார். அவளோ யாரோ எவரோ என்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நீயாவது சொல்லேன்டி!"

ஆறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஏன் சார், பொதுமக்களை 'டி' போட்டா கூப்பிடுவீங்க?" என்றார் இயக்குநர் அம்மாள்.

"அது வந்து... அவ என் சம்சாரம்."

"அப்படியாம்மா?"

அவள் பணிவாக எழுந்தாள். "இப்ப பேசலாங்களா மேடம்? வாயைத் திறக்கக் கூடாதுன்னு இவர்தான் சொல்லியிருந்தார். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னும் சொன்னார்."

கொள்கையைத் துவைத்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டார் இயக்குநர் அம்மாள். அதோடு விட்டாரா? புதுக் கொள்கையை அவளைக் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். அதற்கு முன்னால் மூன்று மாதம் வீட்டுத் துணி முழுவதையும் குமாஸ்தாவே துவைத்து, வாராவாரம் மனைவியின் கையெழுத்தோடு அறிக்கை தர வேண்டுமாம்.

வெளியே வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் பதவி உயர்வு போச்சே!"

"எங்கேயும் போகலீங்க. மூணு மாசம் ஒழுங்கா துவைங்க, இஸ்திரிக்கு உயர்த்திடறேன்."